எடைமேடைக்காரர் சொன்ன எடை

லாரிகள் ஊரை விட்டு வெளியேறும் சாலையில், சிமெண்டுக் கிடங்குக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவே ஓர் எடைமேடை இருக்கிறது. தரையோடு தரையாகப் பதித்த இரும்புத் தளம். அதன் ஓரத்தில் ஒரே ஒரு ஜன்னல் வைத்த அறை. அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே ஒருவருக்குத் தலை நரைத்தது. லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் முள்ளு. பழைய தராசின் நடுவில் நின்று ஆடுமே, அந்த முள். ஆட்டம் நின்றபின் அது ஆளுக்குத் தகுந்தபடி சாயாது என்பதால் வந்த பெயர். முதலில் திட்டுவதற்காக வைத்தார்கள். போகப் போக அதுவே மரியாதையாகிவிட்டது.

முள்ளுவிடம் யாருடைய ஜம்பமும் செல்லாது. பின் சக்கரத்தைத் தளத்துக்கு வெளியே ஒரு சாண் விட்டு நிறுத்துகிறவன், கிளீனரை இருக்கைக்கு அடியில் படுக்கவைத்துப் போர்வை போர்த்துகிறவன், தண்ணீர்ப் பீப்பாயை நிரப்பிக்கொண்டு வந்து பிறகு திறந்துவிடுகிறவன் என்று எல்லோரையும் பார்த்தவர். டயரின் பிதுக்கத்தைப் பார்த்தே, வண்டி மேடை ஏறுமுன் எடையைச் சொல்லிவிடுவார். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. சரக்கு இறக்கியபின் காலி வண்டியை மறுபடி மேடையில் ஏற்றியே ஆகவேண்டும்.

"காலி எடைதான் கதவுலயே பெயிண்டுல எழுதியிருக்கேண்ணே, எதுக்கு இன்னொரு தடவ?" என்று டிரைவர்கள் முனகுவார்கள்.

"அது உன் வண்டி பொறந்தப்ப போட்ட எடை. அதுக்கப்புறம் எத்தனை சேறு, எத்தனை கிரீசு, உன் மெத்தை, உன் ஸ்டவ்வு. வயசாக ஆக வண்டியும் கனக்கும்ப்பா. ஏத்து மேல."

இப்படிப்பட்டவர் தன் உடம்பை மட்டும் எந்த மேடையிலும் ஏற்றியதில்லை. நெடுநெடுவென்று ஒல்லியாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். உட்கார்ந்த வேலை, கூப்பிடு தூரத்தில் டீக்கடை. இடுப்பு கேட்பாரில்லாமல் அகன்றது. மனைவி அவருடைய கால்சட்டைகளின் இடுப்புத் தையலைப் பிரித்துப் பிரித்து விட்டுக்கொடுத்தாள். பிரிக்க இடமில்லாமல் போனதும், பின்பக்கம் அதே நிறத்தில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தாள். அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கேட்கிற ஆள் ஒருவர் இருந்தார். அவர் சம்பந்தி, மகளின் மாமனார். மருந்துக்கடை வைத்திருந்தார், கடை வாசலில் காசு போட்டால் சீட்டு வரும் எடை இயந்திரம் ஒன்றும் இருந்தது. ஆள் வற்றல் மாதிரி இருப்பார். விடிந்ததும் ஊரைச் சுற்றி வேகநடை நடப்பார். நடந்ததை நாள் முழுக்கச் சொல்வார்.

"ஊர் வண்டிய எல்லாம் நிறுக்கிறீங்க சம்பந்தி. நம்ம கடை மெஷின்ல ஒரு நாள் ஏறுங்களேன். உங்களுக்குக் காசு வேணாம்."

"உங்க மெஷினுக்கு முத்திரை போட்டு எத்தனை வருஷம் ஆச்சு? முத்திரை இல்லாததுல நான் காலே வைக்க மாட்டேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். முள்ளுவும் சிரிப்பார், வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு.

அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்தது. ஊருக்கு வெளியே, மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, குளிர் மாதங்களில் விடியும் நேரத்துக்குப் பலூன் கிளப்புவார்கள். மேட்டின் விளிம்பில் முதலில் ஒரு வழுக்கைத் தலை எழும். பிறகு மொத்தமும் மேலே வரும். அடியில் நெருப்பு பொங்கும்போதெல்லாம் உள்ளே விளக்குப் போட்டதுபோல் வெளிச்சம் ஏறி இறங்கும். மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு மாடிக்கு ஓடுவாள். பலூன் தலைக்கு மேலே கடக்கும்போது கையைத் தூக்கி ஆட்டுவாள்.

"அவங்களும் கை காட்டுறாங்களோ என்னவோ, இங்கருந்து தெரிய மாட்டேங்குது" என்பாள் இறங்கி வந்து.

"காட்டுவாங்க, காட்டுவாங்க. பால் பொங்குது பாரு."

அவள் வேறு எதையும் வாய்விட்டுக் கேட்ட ஆள் இல்லை. இதையும் கேட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் மகளுக்குத் தெரிந்திருந்தது. முள்ளு ஓய்வு பெற்றதும், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாமனாருக்குமாக மூன்று இடம் பதிவு செய்துவிட்டாள். மாமியாருக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும். அவர் ஆளை விட்டால் போதும் என்றுவிட்டார்.

பலூன் ஓட்டும் பெண்ணே தொலைபேசியில் அழைத்தாள். எல்லோரும் சம்பந்தி வீட்டில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்த நேரம். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

"பாரத்துக்குத் தக்கபடிதான் ஆள் ஏத்துவோம். அதனால ஒவ்வொருத்தர் எடையும் வேணும். அம்மா, உங்களுது?"

"எழுபத்தாறும்மா. போன வாரம் ஆஸ்பத்திரில பாத்தது" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு மேசையில் இல்லாத துகளை விரலால் தள்ளினாள்.

"எனக்கு அறுபத்தொண்ணு. வெறும் வயித்துல அறுபது" என்றார் சம்பந்தி, போன் இருக்கும் பக்கம் குனிந்து.

அடுத்து முள்ளு. சம்பந்தியின் கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது. இத்தனை நாள் கடை வாசலில் கிடைக்காத சீட்டு இன்று மேசைக்கே வரப்போகிறது. அந்த மினுக்கத்தைப் பார்த்ததும் முள்ளுவின் நாக்கில் ஓர் எண் தானாக வந்து நின்றது. கல்யாணமான வருஷம் கம்பெனி டாக்டர் நிறுத்துச் சொன்ன எண்.

"எழுபத்தெட்டு."

"எழுபத்தெட்டா?" சம்பந்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எலும்பு மட்டும் தனியாவா?"

"மாமா, சும்மா இருங்க" என்று சிரித்தாள் மகள். போனிடம், "அப்பா எடைமேடைல வேலை பாத்தவரு. அவர் சொன்னா சரியா இருக்கும்" என்றாள்.

"அப்படியா? அப்ப எனக்கு நிம்மதி" என்றது போன்.

மனைவி மட்டும் எழுந்து தட்டுகளை அடுக்கினாள்.

பலூன் கிளம்பும் களத்தில் வைத்து அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முள்ளு முடிவு செய்திருந்தார். அது உண்மை. முந்தின நாள் மாலை மனைவி மாடிக் கொடியில் மஞ்சள் போர்வை ஒன்றை விரித்து, காற்றில் சுருளாமல் இருக்க வரிசையாகக் கிளிப் போட்டபோதுகூட அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"காயவைக்கிற நேரமா இது?" என்று கேட்டார்.

"காயறதுக்கு இல்லீங்க. மேலருந்து பாத்தா எல்லா மாடியும் ஒரே மாதிரி தண்ணி டாங்க்கா தெரியும். நம்ம வீடு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

காலையில் களத்துப் புல் நனைந்திருந்தது. பிரம்புக் கூடை ஒருக்களித்துக் கிடந்தது. ராட்சத விசிறி ஒன்று இரைந்துகொண்டே துணிக்குள் காற்றை ஊதியது. ஓர் இளம் தம்பதி முன்பே வந்து நின்றிருந்தார்கள். வேன் டிரைவர் வண்டியின் பின்கதவைத் திறந்து, தட்டையான எடை இயந்திரம் ஒன்றை வெளியே எடுத்தான். முள்ளு ஓர் அடி பின்வாங்கினார். கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இனி நாம் வாயைத் திறக்க வேண்டாம், அதுவே சொல்லிவிடும்.

பலூன்காரப் பெண் டிரைவரைத் தடுத்தாள். "அத உள்ள வை. நம்ம எடைமேடை சார் வந்திருக்காரு. பாதிப் பேர் குறைச்சுத்தான் சொல்லுவாங்க, அதனால வழக்கமா எல்லாரையும் நிறுத்துடுவோம். சார், நீங்க டயரப் பாத்தே எடை சொல்லுவீங்களாமே, உங்க பொண்ணு சொன்னாங்க. இவங்கல்லாம் சொன்ன கணக்கு இந்தா இருக்கு. ஒரு பார்வை பாத்துச் சொல்லிடுங்க, போதும்."

இளம் தம்பதி பட்டாளத்தார்போல் விறைப்பாக நின்று சிரித்தார்கள். சம்பந்தி மூச்சை இழுத்துப் பிடித்து வேடிக்கை காட்டினார். முள்ளு ஒவ்வொருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஓய்வு பெற்றபின் அவரை யாரும் அப்படி எதையும் கேட்கவில்லை. உச்சி குளிர்ந்துபோயிற்று. தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல நினைத்தது அந்தக் குளிர்ச்சியில் எங்கோ போய்விட்டது.

"எல்லாரும் சொன்னது சரிதாம்மா" என்றார்.

எல்லோரும் சொன்னது சரிதான். பார்த்துச் சொன்னவரை யாரும் பார்க்கவில்லை.

பலூன் நிமிர்ந்தது. கூடையின் பக்கவாட்டில் கால் வைக்க விட்டிருந்த துளைகளில் மிதித்து எல்லோரும் ஏறினார்கள். மனைவி மேற்கு ஓரமாக இடம் பிடித்துக்கொண்டாள். ஓட்டும் பெண் நெருப்பைத் திறந்தாள். தலைக்கு மேல் கர்ஜித்தது. கூடை ஒரு தரம் கிரீச்சிட்டது, அதோடு சரி. மறுபடி நெருப்பு. மறுபடி. கூடையின் அடி, புல்லை விட்டு எழவில்லை. அவள் வெப்பம் காட்டும் கருவியைப் பார்த்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தொடப் போயிற்று. நெருப்பை நிறுத்தினாள்.

"என் கணக்குப்படி இந்நேரம் கிளம்பியிருக்கணும்" என்றாள் யாரையும் பார்க்காமல். "யாரோ கொஞ்சம் குறைச்சுச் சொல்லிட்டீங்க. எல்லாரும் பண்றதுதான், யாருன்னு நான் கேக்கல. வெயில் ஏற ஏற இது தூக்காது. எல்லாரையும் இறக்கி நிறுக்க நேரமில்ல, இப்ப விட்டா யாருமே போக முடியாது. ஒருத்தர் இறங்கிக்கிட்டா போதும்."

 சம்பந்தி ஒல்லி. தம்பதி சிறுசுகள். முள்ளு எடைமேடைக்காரர். மிச்சம் இருந்தது மேற்கு ஓரத்தில் நின்ற அம்மாள்தான். யாரும் வேண்டுமென்று பார்க்கவில்லை. ஆனால் எல்லோருடைய பார்வையும் அங்கேயே போய் இறங்கியது.

அவள் கணவனைப் பார்த்தாள். "என்னங்க" என்றாள். அவ்வளவுதான்.

முள்ளு அண்ணாந்து, அணைந்துபோன நெருப்புக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இறங்கிக்கிறேம்மா" என்றாள் அவள். "ஆஸ்பத்திரி மெஷின் தப்பாக் காட்டியிருக்கும்."

"அதான பாத்தேன்" என்றார் சம்பந்தி. இடறலைச் சரிக்கட்டும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "பரவாயில்ல சம்பந்தியம்மா. நாளைலருந்து எங்கூட நடக்க வாங்க, ரெண்டே மாசத்துல பறந்துடலாம்."

அவளும் சேர்ந்து சிரித்தாள். டிரைவர் கீழிருந்து கை கொடுத்தான். துளையில் ஒரு காலை வைத்தவள் அங்கேயே நின்று, கழன்ற செருப்பைச் சரி செய்தாள். அதைச் சரி செய்ய வெகுநேரம் பிடித்தது. பிறகு இறங்கினாள். அவள் பாதம் புல்லைத் தொட்டதும் கூடை துள்ளி எழுந்தது. எல்லோருக்கும் கொடுக்க அவள் கொண்டுவந்திருந்த டீ பிளாஸ்க் அவள் கையிலேயே தங்கிவிட்டது. அதை மார்போடு அணைத்தபடி அண்ணாந்து நின்றாள். மேலே போகிறவர்கள் எல்லோரும் செய்வதைப்போல முள்ளுவும் கையைத் தூக்கி ஆட்டினார். அவள் திருப்பி ஆட்டவில்லை.

நாம் மேலே போவதாகவே தெரியவில்லை. பூமியை யாரோ மெல்லக் கீழே இறக்கி வைப்பது போலிருந்தது. உழுத வயல்கள் சீப்பு இழுத்த தலைபோலக் கோடு கோடாகக் கிடந்தன. ஆற்றின் வளைவில் வெயில் பட்டுத் தகடாக மின்னியது. பலூனின் நிழல் மரங்கள் மேலும் வேலிகள் மேலும் இடிக்காமல் ஏறி இறங்கிக் கூடவே வந்தது. நெருப்பு நின்ற நேரங்களில், கீழே ஒரு நாய் குரைப்பதும், யாரோ வாளியைத் தரையில் வைப்பதும் பக்கத்தில் கேட்பதுபோல் கேட்டன. இளம் பெண் கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். முள்ளுவும் எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. 

"சம்பந்தி, அந்தா உங்க சிம்மாசனம்" என்றார் சம்பந்தி. சாலையோரத்தில் எடைமேடை, புண்ணுக்கு ஒட்டிய பிளாஸ்திரி அளவுக்குத் தெரிந்தது.

"அங்க பாருங்க, மாடில மஞ்சளா ஒரு துணி" என்றாள் அந்த இளம் பெண். "யாரோ நமக்குக் கொடி காட்டுறாங்க போல."

முள்ளு பார்த்தார். வரிசையாகக் கட்டம் கட்டமாக மொட்டை மாடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், நடுவே ஒரு சுருக்கமும் இல்லாமல் மஞ்சள் போர்வை. கிளிப் போட்ட கையைத் தவிர எல்லாம் தெரிந்தது. அவள் சொன்னது சரிதான், அது இல்லாவிட்டால் வீட்டைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர் கூடையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

ஓட்டும் பெண் கருவியைத் தட்டிப் பார்த்தாள். "வேடிக்கையா இருக்கு" என்றாள். "இந்தச் சூட்டுக் கணக்குப்படி அந்தம்மா சொன்ன எடைதான் இறங்கியிருக்கு. அதுக்கு மேல ஒண்ணும் இறங்கல. கூடுதல் பாரம் இன்னும் கூடைலதான் இருக்கு."

"நாங்க வீட்ல நிறுத்துட்டுத்தான் வந்தோம்" என்றான் இளைஞன்.

சம்பந்தி வாயைத் திறந்தார். முள்ளுவின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு கிண்டலை விழுங்கியது அதுதான் முதல் தடவை. அது முள்ளுவுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. ஊரைத் தாண்டினார்கள். அதற்கப்பால் ஏரி இருந்தது, வெள்ளைப் பறவைகள் இருந்தன. யார் என்ன சொன்னார்கள் என்று அவருக்கு ஞாபகமில்லை.

அறுவடை முடிந்த ஒரு வயலில் கூடை இரண்டு முறை குதித்து நின்றது. புழுதி கிளப்பிக்கொண்டு வேன் வந்தது. முன் இருக்கையிலிருந்து மனைவி இறங்கினாள், பிளாஸ்க்கோடு. நேரே ஓட்டும் பெண்ணிடம் போனாள்.

"மன்னிச்சுக்கம்மா. என்னால உங்க எல்லாருக்கும் சிரமம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் முள்ளுவின் முகம் செத்துப்போயிற்று. வேன் டிரைவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த மெஷின வெளிய எடு."

டிரைவர் எடுத்து மண்ணில் வைத்தான்.

"மண்ணுல வைக்காத, சாயும். பலகை இருக்கா? அடில போடு. இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஆங்."

பலகை சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று காலால் அழுத்திப் பார்த்தார். செருப்பைக் கழற்றவில்லை, பையிலிருந்த சாவியையும் எடுக்கவில்லை. ஏறி நின்றார். குனிந்து பார்த்து, எண் ஆடி நிற்கும்வரை காத்திருந்து, ஜன்னலுக்குப் பின்னாலிருந்து லாரிக்காரர்களுக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னார்.

"தொண்ணூத்தேழு."

பிறகு, "நான் சொன்னது கல்யாணத்தப்ப போட்ட எடை. இவ எடைல தப்பில்ல. எல்லாரையும் சரின்னு சொன்னதும் நான்தான்" என்றார்.

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். சிரித்திருந்தால் தாங்கியிருப்பார். யாரும் சிரிக்கவில்லை. இளம் தம்பதி வானத்தைப் பார்த்தார்கள். சம்பந்தி, "காத்து கொஞ்சம் அடிக்குதுல்ல" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, சுருட்டிக்கொண்டிருந்த துணியின் ஒரு முனையைப் பிடிக்கப் போனார். மனைவி பிளாஸ்க்கைத் திறந்து எல்லோருக்கும் டீ ஊற்றினாள். கணவனுக்கும் ஊற்றினாள், மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவு.

திரும்பும் வழியில் வேனின் கடைசி இருக்கையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள், ஜன்னல் வழியே பார்த்தபடி. "உங்க கால்சட்டைய பிரிச்சு விடுறது யாரு?"

"தெரிஞ்சுமா இறங்கின?"

"எழுபத்தெட்டுன்னு அன்னிக்கே சொன்னீங்க. சரி, சம்பந்தி முன்னாடி சொல்லிட்டீங்க, களத்துல சரி பண்ணிடுவீங்கன்னு இருந்தேன். கூடைல வெச்சும் உங்களப் பாத்தேன். செருப்பு ஒண்ணும் கழலல. நேரம் குடுத்தேன்."

அவர் கையிலிருந்த காலிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்புறம் மேல போறப்ப கையத் தூக்கினீங்க பாருங்க. நிறுத்தச் சொல்றீங்கன்னு நெனச்சேன்." பிளாஸ்க்கின் மூடியை இறுக்கினாள். "டாட்டா காட்டினீங்க."



அடுத்த வாரமே ஓர் இடம் காலியாக இருப்பதாக ஓட்டும் பெண் சொல்லி அனுப்பினாள். "நீங்க வரவேணாம்" என்றுதான் மனைவி முதலில் சொன்னாள். பிறகு, "வர்றதுன்னா வாங்க, கீழ நில்லுங்க" என்றாள். முந்தின நாள் மாலை போர்வையை முள்ளு தானே விரித்தார். கிளிப்புகளை அவள் வைத்த அதே இடைவெளியில் வைத்தார்.

களத்தில் இம்முறை எல்லோரையும் நிறுத்தார்கள். மனைவி ஏறினாள். எழுபத்தாறு. கூட்டாமல் குறைக்காமல் எழுபத்தாறு. அவள் இறங்கிப்போய்க் கூடையின் மேற்கு ஓரத்தில் நின்றுகொண்டாள்.

"சார்" என்று கூப்பிட்டாள் ஓட்டும் பெண். "கிளம்புறவரைக்கும் கூடைய அழுத்திப் பிடிக்க ஒரு ஆள் குறையுது. கொஞ்சம் சாஞ்சுக்கிறீங்களா? உங்க எடை எனக்குத் தெரியும்."

டிரைவர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தான். முள்ளு இந்தப் பக்கம் தன் மொத்த உடம்பையும் விளிம்பின் மேல் சாய்த்தார். நெருப்பு கர்ஜித்தது. பிரம்பு அவர் மார்புக்கு அடியில் இழுத்தது. மனைவியின் கை விளிம்பில் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம், வீடு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய எடுங்க" என்றாள் ஓட்டும் பெண்.

எடுத்தார். கூடை சிரமமில்லாமல் எழுந்தது. அவருடைய வலது கை பழக்கத்தில் பாதி உயர்ந்தது. அதைக் கீழே இறக்கி, கால்சட்டையின் ஒட்டுத்துணி மேல் வைத்துக்கொண்டு, பலூன் மேட்டைத் தாண்டும்வரை அண்ணாந்து நின்றார். மேலே அவள் கையைத் தூக்கினாளா என்று இங்கிருந்து தெரியவில்லை.